உயர் அழுத்தக் கேபிள் ஜாயிண்டரின் வேலை எப்படிப்பட்டது?

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவை முடித்த உங்கள் தம்பியை, ஆலைகளுக்குக் கேபிள் ஜாயிண்ட் போட்டுத் தரும் (இரு கேபிள் முனைகளை இணைத்துக் காப்பு மூடித் தரும்) ஒப்பந்தக்காரர் ஒருவர் உதவியாளாக அழைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளத்துக்குள் குந்தியிருந்து கேஸ் டார்ச் பிடிக்கிற வேலைதானே, பேனல் வயரிங், பி.எல்.சி. (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) என்று போனால் மதிப்பு கூடுமே என்று வீட்டில் தயங்குவதாகவும் சொல்கிறீர்கள். இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தும், மற்றவர் செய்ததை மேற்பார்த்தும் வந்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்துறையில் கைத்திறனை இவ்வளவு முழுமையாக நம்பி நிற்கும் வேலை வேறு அதிகம் இல்லை. தொழிற்சாலையில் பெரிய இயந்திரங்கள் தூசியில்லாச் சூழலில் உருவாக்கிய ஒரு பொருளை, வெட்டிய இடத்தில் ஒரு மனிதன் கத்தியும் துணியும் தீயும் கொண்டு மறுபடி உருவாக்குகிறான். அவன் செய்தது சரியா என்பது சில வேளை அடுத்த வாரமே தெரியும். பல வேளைகளில் ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே தெரியும்.

கேபிளின் உட்புறத்தைப் பார்த்தால்தான் இதன் பொருள் விளங்கும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 7098 இரண்டாம் பகுதியின்படி செய்த, நியூட்ரல் எர்த் செய்யப்பட்ட அமைப்புக்கான 11 கே.வி. (11,000 வோல்ட்) எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன்) கேபிளின் மூன்று கோர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் அலுமினியக் கம்பிகளை முறுக்கிய கண்டக்டர். அதன் மேல் மெல்லிய கறுப்புச் செமிகான் (ஓரளவே மின்சாரம் கடத்தும்) படலம். அதற்கு மேல் 3.6 மி.மீ. எக்ஸ்.எல்.பி.இ. காப்பு, அதன் மேல் மறுபடியும் ஒரு செமிகான் படலம், பிறகு திரையாக நிற்கும் செம்பு நாடா. இப்படிப்பட்ட மூன்று கோர்களைச் சேர்த்து, இடைவெளியை நிரப்பி, உள் ஷீத் (உறை), இரும்பு ஆர்மர் (கவசம்), வெளி ஷீத் என்று மூடியிருப்பார்கள். 11 கே.வி. என்பது இரு ஃபேஸ்களுக்கு இடையிலான அளவு; கண்டக்டருக்கும் பூமிக்கும் இடையே நிற்பது 6,350 வோல்ட். அதைத் தாங்குவது அந்த 3.6 மி.மீ. மட்டுமே. சராசரியாக ஒரு மி.மீட்டருக்கு ஏறத்தாழ 1,760 வோல்ட் என்று வருகிறது, எக்ஸ்.எல்.பி.இ.க்கு இது ஒரு சுமையே இல்லை.

சிக்கல் காற்றில் இருக்கிறது. சாதாரண நிலையில் காற்று மி.மீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட்டில் உடைந்துவிடும். எக்ஸ்.எல்.பி.இ.க்குள் ஒரு மெல்லிய காற்றுப் படலம் சிக்கிக்கொண்டால், இரண்டின் மின்கடத்தாப் பண்பும் வேறுபடுவதால், அந்தப் படலத்தின் மேல் விழும் மின்புலம் சுற்றியுள்ள காப்பில் இருப்பதைப் போல 2.3 மடங்கு வரை ஏறுகிறது. அதாவது மி.மீட்டருக்கு 4,000 வோல்ட்டைத் தொடுகிறது. மிகச் சிறிய இடைவெளியில் காற்று கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஜாயிண்டில் நாம் வெட்டிய ஓரங்களில் மின்புலமும் சராசரியைவிடப் பல மடங்கு குவிந்து நிற்கும். காற்று தாங்க முடியாமல் உள்ளுக்குள் பொறி விடத் தொடங்கும். இதைத்தான் பார்ஷியல் டிஸ்சார்ஜ் என்கிறோம். வெளியே ஒன்றும் தெரியாது, பாதுகாப்பு ரிலே விழாது, அம்மீட்டரும் அசையாது. ஆனால் மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுழற்சியிலும் காப்பு உள்ளிருந்து அரிக்கப்பட்டு, கிளை கிளையாக ஒரு பாதை வளர்ந்து, ஒருநாள் கண்டக்டரிலிருந்து திரைக்கு வழி திறந்துவிடும்.

ஆகவே ஜாயிண்டர் கற்க வேண்டிய முதல் இடம் செமிகான் வெட்டு. கேபிளின் நீளம் முழுவதும் வெளிச் செமிகான் பூமியின் மின்னழுத்தத்திலேயே இருப்பதால் மின்புலம் ஒரே சீராகப் பரவியிருக்கும். ஜாயிண்ட் போடுவதற்காக அதை நாம் ஓர் இடத்தில் நிறுத்துகிறோம். நிறுத்திய அந்த வட்ட ஓரத்தில் மின்புலக் கோடுகள் எல்லாம் வந்து நெருக்குகின்றன. ஸ்ட்ரெஸ் கண்ட்ரோல் குழாயும், வெட்டின் ஓரத்தில் சுற்றும் மஞ்சள் மாஸ்டிக் பட்டையும் அந்த நெருக்கத்தைத் தணிப்பதற்காகவே உள்ளன. ஆனால் அவை தங்கள் வேலையைச் செய்ய வேண்டுமானால் வெட்டு வட்டமாக, ஒரே நேராக, பிசிறின்றி இருக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு மி.மீ. நீண்டும் மறு பக்கம் பல் பல்லாகவும் இருந்தால், ஒவ்வொரு பல்லின் நுனியிலும் மின்புலம் தனியாகக் குவியும்.

எளிதில் உரியும் செமிகானை எடுப்பதற்கு முதலில் கத்தியால் ஒரு வட்டக் கோடு இழுக்க வேண்டும். செமிகானின் தடிமன் ஒரு மி.மீட்டருக்கும் குறைவாகவே இருப்பது வழக்கம். அந்தத் தடிமனில் பாதிக்கு மேல், முழுமைக்குச் சற்றுக் குறைவாக வெட்டு இறங்க வேண்டும்; அடியிலுள்ள எக்ஸ்.எல்.பி.இ.யைக் கத்தி தொட்டுவிடக் கூடாது. தொட்டால் கோடு கோடாக ஒரு பள்ளம் விழும், அதில் காற்று தங்கும், மேலே சொன்ன கதை தொடங்கும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு இறங்கும் என்பதை எந்தப் புத்தகமும் கற்பிக்க முடியாது. வெயிலில் கிடந்த கேபிளும் விடியற்காலைக் குளிரில் கிடந்த கேபிளும் கத்திக்கு வேறு வேறு விதமாகப் பணியும். ஆழத்தை நிறுத்திவைக்கும் தனிக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றை வாங்கித் தரும் ஒப்பந்தக்காரர் மரியாதைக்குரியவர். இருந்தாலும் வெட்டுத் துண்டுகளில் பலமுறை பழகிய பின்னரே ஒருவனை உண்மையான வேலையில் கத்தி பிடிக்கவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

செமிகானை எடுத்த பிறகு காப்பின் மேல் கருமையான துகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிட்டோடு (ஜாயிண்டுக்கான பொருள்கள் அடங்கிய பெட்டியோடு) வரும் அலுமினியம் ஆக்ஸைடு பட்டையால் மட்டுமே தேய்க்க வேண்டும். கடையில் வாங்கும் கறுப்பு எமரித் தாள் மின்சாரம் கடத்தும் துகள்களை விட்டுச் செல்லக்கூடும். பிறகு கரைப்பான் நனைத்த துணியால் துடைப்பது. இங்கே ஒரே ஒரு விதி: கண்டக்டர் பக்கமிருந்து தொடங்கி, காப்பின் மேலாகச் செமிகானை நோக்கித் துடைக்க வேண்டும். செமிகானைத் தொட்ட துணி மறுபடி காப்பின் மேல் வரக் கூடாது. வந்தால் கரித்துகளைக் காப்பின் மேல் நாமே பூசியதாகிவிடும். ஒரு துணிக்கு ஒரு துடைப்பு, பிறகு புதுத் துணி. கரைப்பான் முழுவதும் உலர்ந்த பிறகே அடுத்த படி. ஒரு ஜாயிண்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் பார்ப்பது அவன் துடைக்கும் கையைத்தான்.

அடுத்தது கண்டக்டரை இணைப்பது. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் கெட்டியான ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. கம்பித் தூரிகையால் தேய்த்த கையோடு ஜாயிண்டிங் பேஸ்டைப் பூசி, ஃபெரூலுக்குள் (இணைப்பு உலோகக் குழலுக்குள்) நடுக்குறி வரை செலுத்தி, ஹைட்ராலிக் கருவியில் அந்த அளவுக்கே உரிய டை (அழுத்தும் அச்சு) பொருத்தி அழுத்த வேண்டும். இரு கேபிள்களை நேராக இணைக்கும் ஸ்ட்ரெயிட் ஜாயிண்டின் ஃபெரூலை நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தினால், நீளும் அலுமினியத்துக்குப் போக இடம் இருக்கும். 240 சதுர மி.மீ. கண்டக்டருக்கு 300க்கான டையைப் போட்டு அழுத்தினாலும் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது அழகாகவே தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 ஆம்பியர் ஓடும் இணைப்பில் மின்தடை ஒரு மில்லி ஓம் இருந்தால் உண்டாகும் வெப்பம் 90 வாட். ஏறத்தாழ ஒரு நூறு வாட் குண்டு பல்பை மண்ணுக்கடியில், மூடிய குழாய்க்குள் இரவும் பகலும் எரியவிட்டது போலாகும். எக்ஸ்.எல்.பி.இ. தொடர்ந்து தாங்கும் கண்டக்டர் வெப்பநிலை 90 டிகிரிதான். மோசமான கிரிம்பிங் (ஃபெரூலை அழுத்துவது) இந்த எல்லையைத் தாண்டச் செய்து, காப்பையும் சேர்த்துக் கொன்றுவிடும். அழுத்திய பின் ஃபெரூலின் கூர் விளிம்புகளை அரம் போட்டு மழுக்குவதும், பொடியைத் துடைப்பதும் சோம்பலால் பலர் விட்டுவிடும் படிகள்.

ஃபெரூலை அழுத்துவதற்கு முன்பே, ஜாயிண்டை மூடப்போகும் எல்லாச் சுருங்கும் குழாய்களையும் கேபிளின் இரு பக்கமும் ஏற்றி ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயை மறந்தால் கண்டக்டரை வெட்டி மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. கேபிளின் நீளமோ அதற்கு இடம் கொடுக்காது.

குழாய்கள் சுருங்குவதன் பின்னால் ஓர் அழகான அறிவியல் உண்டு. கதிர்வீச்சால் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்துவிட்டு, பிறகு சூடாக்கி விரித்து அப்படியே குளிர வைத்தால், மறுபடி சூடு பட்டவுடன் அது தன் பழைய அளவுக்கு ஓடிவந்துவிடும். 1957இல் கலிஃபோர்னியாவில் பால் குக் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இந்தக் கதிர்வீச்சு வேதியியலைத்தான் தொழிலாக்கியது. இன்றும் நம் ஊர் ஜாயிண்டர்களில் பலர் எந்த நிறுவனத்தின் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) கிட்டையும் ரேகெம் என்றே சொல்லிவிடுவார்கள். தீயைப் பிடிப்பதுதான் எளிது என்று நினைப்பவர் அதிகம். நீல நிறமாக, கூராகச் சீறும் தீ குழாயைக் கருக்கிவிடும். நுனியில் மஞ்சள் தெரியும் மென்மையான தீ வேண்டும். டார்ச் ஓரிடத்தில் நிற்கக் கூடாது, சுற்றிச் சுற்றி வர வேண்டும். நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் போனால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். இரு ஓரங்களையும் முதலில் சுருக்கினால் காற்று நடுவில் சிறைப்படும். அடியிலும் பின்புறத்திலும் சூடு சமமாகப் போனதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாத கோணத்தில் இருந்துகொண்டு கணிக்க வேண்டியிருக்கிறது. சுருங்கிய குழாய் வழவழப்பாக, அடியிலுள்ள உருவத்தைக் காட்டி, ஓரத்தில் பசை மெல்லப் பிதுங்கி நின்றால் வேலை சரி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போல எரிவாயு அபாயம் உள்ள இடங்களில் தீக்கே அனுமதி கிடைப்பது கடினம் என்பதால், உள்ளிருக்கும் சுருளை உருவினால் தானாகச் சுருங்கும் கோல்ட் ஷ்ரிங்க் வகையைப் பயன்படுத்துகிறார்கள். தீயின் திறன் அதற்குத் தேவையில்லை. செமிகான் வெட்டும் துடைப்பும் அளவும் முன்பைவிடக் கூடுதலாகத் தேவை.

வேலை தொடங்குமுன் உள்ள பகுதியை நான் இவ்வளவு பின்னால் சொல்வது அது சிறியது என்பதால் அன்று. ஓர் ஆலையின் ட்ரெஞ்சில் ஒரே நிறத்தில், ஒரே பருமனில் பல கேபிள்கள் அடுத்தடுத்துக் கிடக்கும். அவற்றில் எது அணைக்கப்பட்டது? எல்.சி. (லைன் கிளியர், மின்சாரம் நிறுத்தியதற்கான அனுமதி) வாங்கியாயிற்று, இரு முனைகளிலும் பிரேக்கரை வெளியே இழுத்துப் பூட்டுப் போட்டு, எர்த் செய்தாயிற்று. அத்தனையும் சரியாக இருந்தாலும், நம் கையின் கீழே இருப்பது அந்தக் கேபிள்தான் என்பதற்கு அவை சாட்சி ஆகாது. பெயர்ப் பட்டையை நம்புவதும், வரைபடத்தை நம்புவதும், கிளாம்ப் மீட்டரில் கரண்ட் காட்டவில்லை என்பதை நம்புவதும் போதாது. சுமை இல்லாத கேபிளிலும் முழு மின்னழுத்தம் இருக்கும். அடையாளக் கருவியால் சிக்னல் அனுப்பிக் கண்டுபிடித்து, அதன் பிறகும் தூரத்திலிருந்து இயக்கும் ஸ்பைக்கிங் கருவியால் வெட்டப்போகும் இடத்தில் ஆணி இறக்கிவிட்டுத்தான் ரம்பத்தை வைக்க வேண்டும். உற்பத்தி நின்றுகொண்டிருக்கிறது, சீக்கிரம் வெட்டுங்கள் என்று எவ்வளவு பெரிய அதிகாரி மேலே நின்று சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. உங்கள் தம்பிக்கு நான் நேரில் சொல்ல விரும்புவது ஒன்று உண்டென்றால் இதுதான்.

ஈரம் இந்தத் தொழிலின் மற்றொரு எதிரி. காகிதக் காப்புக் கேபிள்களின் காலத்தில், ஜாயிண்டர் கேபிளிலிருந்து ஒரு காகிதப் பட்டையைக் கிள்ளி, 130 டிகிரி அளவில் சூடாக்கிய காம்பவுண்டில் (காப்பு எண்ணெய்க் கலவையில்) போடுவார். பொரிந்து நுரைத்தால் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள், அதைத் தாண்டி வெட்டிப் பின்வாங்குவார். ஈய உறையின் மேல் உருகிய சால்டரைத் துணியால் வழித்து உருட்டி மூடும் அந்தத் திறன் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதோடு ஈயப் புகையும் போனது நல்லதே. எக்ஸ்.எல்.பி.இ.யில் ஈரம் இப்படிச் சத்தம் போடாது. மூடாத முனை வழியாக மழைநீர் முறுக்கு இழைகளுக்குள் மீட்டர் கணக்கில் ஓடிவிடும். உள்ளே நுழைந்த நீர், மின்புலத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் காப்புக்குள் நீர்மரமாக (மரக்கிளை போலப் பரவும் நுண் ஈரத்தடமாக) வளரும். அதனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பகுதிகளில் வேலையின் பாதி கூடாரம் கட்டுவதும், பள்ளத்து நீரை இறைப்பதும்தான். ஒருமுறை கேபிளைத் திறந்துவிட்டால் முடிக்காமல் எழ முடியாது. மூன்று கோர் 11 கே.வி. ஸ்ட்ரெயிட் ஜாயிண்ட் ஒன்றுக்கு, பழகிய இருவர் இருந்தாலும் ஒரு பகலின் பெரும்பகுதி போய்விடும்.

ஆலைக்குள் ஜாயிண்டைவிட, கேபிள் முனையைக் கருவியோடு இணைக்கும் டெர்மினேஷன்தான் அதிகம். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்ச்கியர் என்று ஒவ்வொரு முனையிலும் தனித்தனி நுணுக்கம். ஒற்றைக் கோர் கேபிள்களைத் தனித்தனி ஓட்டையாக இரும்புத் தகட்டின் வழியே ஏற்றினால், சுழல் மின்னோட்டத்தால் தகடு சுடும். அங்கே அலுமினியம் போன்ற காந்தமாகாத தகடு வேண்டும். மூன்று கோர்களையும் சூழ்ந்து கோர் பேலன்ஸ் சி.டி. (அவற்றின் மின்னோட்டக் கூட்டலைக் கவனித்து எர்த் பழுதைக் கண்டறியும் வளையம்) மாட்டியிருக்கும் பேனலில், திரையின் எர்த் பின்னல் சி.டி.க்குள் நுழைந்து மேலே போயிருந்தால், அதை மறுபடி சி.டி.யின் வழியாகவே கீழே கொண்டுவந்து எர்த் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழுது நேரத்தில் திரையில் திரும்பும் மின்னோட்டம் கோரின் மின்னோட்டத்தை ஈடுசெய்துவிடும். எர்த் ஃபால்ட் ரிலே ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடும். கமிஷனிங்கின்போது எல்லா அளவீடும் நன்றாகவே வரும் என்பதால் இந்தத் தவறு நெடுநாள் ஒளிந்திருக்கக் கூடியது. தூத்துக்குடி, எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் வெளிப்புற டெர்மினேஷனின் மேல் உப்பு படிந்து, பனி நேரத்தில் ஈரமாகிக் கசிவு மின்னோட்டம் ஊரும். கடுமையான மாசு உள்ள இடங்களுக்குக் கே.வி.க்கு 31 மி.மீ. ஊர்வழி நீளம் (கசிவு மேற்பரப்பில் ஊர வேண்டிய தூரம்) என்ற கணக்கில், 33 கே.வி. முனைக்கு ஒரு மீட்டருக்கும் மேல் தேவைப்படுவது இதனால்தான். குடை வடிவ ஷெட்களைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் இடமன்று அது.

முடித்த பின் சோதனை. 5 கே.வி. மெகர் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) வைப்பது தொடக்கம் மட்டுமே. அது பெரிய குறைகளை மட்டும் காட்டும். காகிதக் கேபிளின் பழக்கத்தில் டி.சி. ஹைபாட் (உயர் நேர் மின்னழுத்தச் சோதனை) கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயதான எக்ஸ்.எல்.பி.இ.யில் டி.சி. தேங்கு மின்னூட்டத்தை விட்டுச்சென்று, தேறிய கேபிளையே பின்னர் பழுதாக்கக்கூடும். அதனால் 0.1 ஹெர்ட்ஸ் வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அதிர்வெண்) சோதனையை வற்புறுத்துவது நல்லது, 11 கே.வி. புதுக் கேபிளுக்கு 19 கே.வி. அளவில் கால் மணி நேரம் கொடுப்பார்கள். சோதனைக்குப் பின் கேபிளைப் போதுமான நேரம் எர்த் செய்து வடிக்காமல் தொடுவது உயிருக்கு ஆபத்து.

வேலை வாழ்க்கையைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆலைகள் ஜாயிண்டரை அழைப்பது பெரும்பாலும் இரண்டு தருணங்களில்: ஆண்டுப் பராமரிப்பு ஷட்டவுன், அல்லது பழுது. முதலாவதில் சிமெண்ட் ஆலையின் தூசியிலும் பாய்லர் ஓரத்து வெக்கையிலும் நாள் கணக்கில் தொடர்ந்து உழைக்க வேண்டும். இரண்டாவதில் நள்ளிரவில் தொலைபேசி வரும். பண்டிகையும் குடும்ப நிகழ்ச்சியும் பல தவறிப்போகும். முழங்காலும் இடுப்பும் முதலில் முறையிடும்; கையில் கத்திக் காயமும் தீக்காயமும் அடையாளமாகவே நிற்கும். கூலியை ஜாயிண்ட் கணக்கில் கொடுக்கும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். துடைப்பதற்கும் உலர்வதற்கும் ஆறுவதற்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் முழுவதும் அந்த ஏற்பாட்டில் தொழிலாளியின் பையிலிருந்து போகிறது. குறைபாடோ நெடுநாள் கழித்து வேறொருவர் தலையில் விழுகிறது. நாட்கூலியும், ஜாயிண்டின் தரத்துக்கு நிறுவனப் பொறுப்பும் உள்ள இடமே இந்தத் தொழிலுக்குப் பொருந்தும்.

முன்னேற்றம் உண்டா என்றால், உண்டு. இரண்டாண்டு எலக்ட்ரீஷியன் படிப்பு நல்ல அடித்தளம். அதன்மேல் சில ஆண்டுகள் உதவியாள், பிறகு எல்.டி. (குறைந்த மின்னழுத்தம்), 11, 22, 33 கே.வி. என்று படிப்படியாக ஏறலாம். கிட் தயாரிப்பாளர்கள் பயிற்சி அளித்துச் சான்று தருகிறார்கள். அந்தச் சான்று பெரும்பாலும் குறிப்பிட்ட வகைக் கிட்டுக்கும் மின்னழுத்தத்துக்கும் மட்டுமே செல்லும் என்பதால், ஒவ்வொன்றையும் தனியே சேர்க்க வேண்டும். 110 கே.வி.யும் அதற்கு மேலும் ஏறத்தாழ வேறு தொழிலே. அங்கே கேபிளைச் சூடாக்கி வளைவு நீக்கி, காப்பை நுண்ணிய பட்டைகளால் படிப்படியாகக் கண்ணாடிபோல் மெருகேற்றி, விட்டத்தை இரு திசையிலும் அளந்து குறித்து, தூசி புகாத கூடாரத்துக்குள் நாள் கணக்கில் ஒரே ஜாயிண்டில் இருப்பார்கள். சென்னையில் 110, 230 கே.வி. தடங்கள் மண்ணுக்கடியில் ஓடுகின்றன. வளைகுடா நாடுகளிலும் இந்தத் திறனுக்குத் தேவை இருக்கிறது. பி.எல்.சி. கற்பது நல்லதே, இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. மின்புலம் எங்கே குவியும் என்று உள்ளுக்குள் காண்கிற ஒருவன் பேனலிலும் நன்றாகவே வேலை செய்வான்.

அந்த ஒப்பந்தக்காரரிடம் சேருவதற்கு முன் சில இடங்களைத் தம்பி நேரில் கவனிக்கட்டும். கிட் பெட்டியில் வரும் அளவுத் தாளை ஜாயிண்டர் விரித்து வைத்துக்கொண்டு ஸ்கேல் பிடித்து அளக்கிறாரா, அல்லது இதெல்லாம் எனக்கு மனப்பாடம் என்று தூக்கி ஓரமாகப் போடுகிறாரா என்று பார்க்க வேண்டும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளவு மாறும் என்பதால் மனப்பாடம் இங்கே உதவாது. டைகள் எல்லா அளவிலும் பெட்டியில் உள்ளனவா, ஸ்பைக்கிங் கருவி உண்மையிலேயே வண்டியில் இருக்கிறதா, உதவியாளுக்குக் கையுறையும் கண்ணாடியும் உண்டா என்று கேட்கலாம். வேலை முடிந்ததும் ஜாயிண்டரின் பெயர், தேதி, கிட் எண், பள்ளத்தின் இடம் ஆகியவற்றை எழுதி ஆலையிடம் கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தால் தயங்காமல் சேரச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் அவனுக்குக் கத்தி தராமல் துடைக்கவும் அளக்கவும் மட்டும் விட்டால், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.